கம்பெனி பெர்ஃபார்மன்ஸ் டயர் சீக்கிரமே மொட்டையாகிறதா? எங்கே தேய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

வேலூரில் டயர், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கிற கோணத்தைச் சரி பண்ணுவது) வேலை பார்க்கிறவன் நான். 17, 18 அங்குல அலாய் வீலோடு, ரோட்டை நன்றாகப் பிடிக்கிற பெர்ஃபார்மன்ஸ் டயர் ஷோரூமிலேயே போட்டு வருகிற வண்டிகள் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் இப்போது நிறையவே ஓடுகின்றன. அந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இன்னாணா, இருபதாயிரம்கூட தாண்டல, அதுக்குள்ள மொட்டையாயிடுச்சி?" முந்தைய வண்டியில் சாதா டயரை ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கள், அதனால் இந்த டயரே போலியோ என்று சந்தேகப்படுகிறார்கள்.

கிலோமீட்டரை மட்டும் சொன்னால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, குனிந்து டயரைப் பார்த்தால் சொல்லலாம். உங்களாலும் முடியும். கீழே உங்கள் டயருக்குப் பொருந்துகிற தலைப்பைத் தேடிப் பிடியுங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில், பர்ஸைக் காலி பண்ணுகிற வேலை கடைசியில்.

எந்தத் தலைப்புக்குப் போவதாக இருந்தாலும் இரண்டு விஷயம் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஒன்று, பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும், அதுதான் தேய்மான அடையாளம். பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர் கட்டைகள்) தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மீதி 1.6 மில்லிமீட்டர்தான் என்று அர்த்தம். காருக்குச் சட்டம் சொல்கிற குறைந்தபட்ச அளவும் அதுதான் (பைக்குக்கு 0.8). இரண்டாவது, டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் இருக்கும் நாலு இலக்கம். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது. வெளிப்பக்கம் தெரியவில்லை என்றால் உள்பக்கம் இருக்கும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

நாலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறது, ஆனால் 30 ஆயிரத்திலேயே முடிந்துவிட்டது

கோளாறு எதுவும் இல்லை. இந்த டயர் இவ்வளவுதான் ஓடும்.

ரோட்டைப் பிடிப்பதற்காக மெத்தென்ற ரப்பரில் செய்கிறார்கள், மெத்தென்று இருப்பது சீக்கிரம் தேயத்தான் செய்யும். கம்பெனியிலிருந்து வருகிற பெர்ஃபார்மன்ஸ் டயர் 25 ஆயிரத்திலிருந்து 40 ஆயிரம் கிலோமீட்டர் வரை வந்தால் அது நியாயமான ஆயுள். சிக்னலில் பச்சை விழுந்ததும் சீறிக் கிளம்புகிறவர், பள்ளிகொண்டா டோல்கேட்டுக்குப் பத்தடி முன்னால் பிரேக் அடிக்கிறவர் என்றால் 20 ஆயிரத்திலேயே முடிந்துவிடும். பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் சில டயர்களில் இருக்கும். 200, 300 என்றால் சீக்கிரம் தேயும், 400க்கு மேல் என்றால் கொஞ்சம் நின்று ஓடும். ஆனால் அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே போட்டுக்கொள்கிறது, அதனால் ஒரு கம்பெனியின் 300ஐயும் இன்னொன்றின் 300ஐயும் தராசில் வைத்துப் பார்க்காதீர்கள்.

முன் இரண்டும் பின் இரண்டைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் சகஜம்தான், முன்சக்கர டிரைவ் வண்டியில் இழுக்கிறதும் திருப்புகிறதும் முன் டயர்தானே. 8 முதல் 10 ஆயிரத்துக்கு ஒரு முறை முன்னதைப் பின்னால், பின்னதை முன்னால் மாற்றிக்கொண்டு வந்தால் நாலும் சேர்ந்து முடியும். அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் அதே பக்கத்திலேயே முன்பின் மாற்றலாம், குறுக்கே மாற்றக் கூடாது. முன்னால் ஒரு அளவு, பின்னால் அகலமான அளவு என்று வருகிற வண்டியில் அதுவும் முடியாது, விட்டுவிடுங்கள்.

உள் ஓரம் மட்டும் தேய்கிறது

கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் இதுதான், பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் புதுசு மாதிரி இருக்கும். வண்டியை லிஃப்டில் ஏற்றினால் உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குக் கம்பி தெரியும், வண்டிக்காரர் அப்படியே நின்றுவிடுவார். டயர் செத்துப் பல மாதம் ஆகியிருக்கும், அவருக்குத்தான் தெரிந்திருக்காது. அதனால் மாதம் ஒரு முறை ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு முன் டயரின் உள் ஓரத்தைப் பாருங்கள், அப்புறம் மறுபக்கம். ஐந்து நிமிட வேலை.

சரி, தேய்ந்திருக்கிறது. உள்ளங்கையைப் பட்டன் மேல் குறுக்கே வைத்து ஒரு தடவை உள்ளே, ஒரு தடவை வெளியே தடவுங்கள். (கம்பி தெரிகிற டயரில் இதைச் செய்யாதீர்கள், கையைக் கிழித்துவிடும்.)

*ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி சுரண்டினால்:* டோ கோளாறு. சக்கரங்கள் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ பார்த்துக்கொண்டு போகின்றன, டயர் உருளும்போதே கொஞ்சம் இழுபடுகிறது. இதுதான் மலிவான கோளாறு, அலைன்மென்ட் செய்தால் சரியாகும். ஆனால் அலைன்மென்டுக்கு முன்னால் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் லொடலொட என்றால் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற முனை) தேய்ந்திருக்கிறது. 12, 6 இடத்தில் ஆட்டம் என்றால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது வெறும் காசுக்குக் கேடு. கடையில் கம்ப்யூட்டர் பச்சை காட்டும், வெளியே வந்து முதல் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கியதும் பழைய கதைதான்.

*எந்தத் திசையில் தடவினாலும் வழவழப்பு, ஆனால் உள்பக்கம் சரிவாகத் தேய்ந்திருக்கிறது என்றால்:* கேம்பர். சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருக்கிறது. ஸ்பிரிங் வெட்டி வண்டியைத் தாழ்த்தியிருந்தால் வேறெங்கும் காரணம் தேட வேண்டாம், அதேதான். தாழ்த்தவில்லை, ஒரு சக்கரத்தில் மட்டும் இப்படி என்றால் எங்கேயோ பள்ளத்தில் பலமாக இறங்கியிருக்கிறது. சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கும். நிறைய வண்டிகளில் கேம்பருக்கு என்று தனியாகத் திருகுகிற இடமே கிடையாது, அதனால் "அலைன்மென்ட்லயே சரி பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் எந்த போல்ட்டைத் திருப்பப் போகிறார் என்று கேளுங்கள். வளைந்த பாகத்தை மாற்றுவதுதான் வழி. இங்கே சஸ்பென்ஷன் தெரிந்த மெக்கானிக் வேண்டும், டயர் கடை போதாது.

*பின் சக்கரத்தில் உள் ஓரத் தேய்மானம் என்றால்:* சின்ன வண்டிகளில் பின்னால் ஒரே கட்டை மாதிரி பீம் இருக்கும், அதில் அலைன்மென்ட் திருகல் இருக்காது. பீம் வளைந்திருக்கிறதா, பின்னால் எப்போதாவது இடி வாங்கியதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் செலவு வைக்கிற வேலை. நாலு சக்கரமும் தனித்தனியாகத் தொங்குகிற பெரிய வண்டி என்றால் பின்னாலும் திருகலாம், அப்போது நாலு சக்கர அலைன்மென்ட் கேட்டு வாங்குங்கள், முன் இரண்டை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடப் போகிறார்கள்.

எந்தக் கடையில் செய்தாலும் வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று இரண்டு அளவும் உள்ள பிரிண்ட் கேட்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். அடுத்த முறை எது நகர்ந்திருக்கிறது என்று பார்க்க அதுதான் உதவும்.

இன்னொன்று. உள் ஓரம் தேய்ந்த டயரை ரிம்மில் திருப்பிப் போட்டு வெளி ஓரத்தை உள்ளே கொண்டுவரலாம் என்று சில பஞ்சர் கடைகளில் யோசனை சொல்வார்கள். சாதா டயரில் ஓடும். பெர்ஃபார்மன்ஸ் டயரில் பெரும்பாலும் உள்பக்கப் பட்டன் வேறு, வெளிப்பக்கப் பட்டன் வேறு, பக்கவாட்டில் அவுட்சைடு என்று எழுதியே இருக்கும். அந்த எழுத்து வெளியே தெரிய வேண்டும். திருப்பிப் போட்டால் வளைவில் பிடிக்க வேண்டிய பக்கம் உள்ளே போய்விடும்.

வெளி ஓரம் தேய்கிறது

ஏலகிரிக்கு வாராவாரம் ஏறி இறங்குகிறவரா? புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகளையும் வேகமாக ஒடித்தால் முன் டயரின் தோள்பட்டைதான் அடி வாங்கும். அப்படி ஓட்டவில்லை என்றால் காற்று குறைவாக இருக்கிறதா பாருங்கள், அதுவும் சரி என்றால் டோ.

இரண்டு ஓரமும் தேய்கிறது, அல்லது நடுவில் மட்டும் தேய்கிறது

காற்று. இரண்டு ஓரம் என்றால் குறைவு, நடு என்றால் அதிகம். டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ அளவு ஒட்டியிருக்கும், அதுதான் உங்களுக்கு வேதம். காற்று பிடிக்கிற பையன் எல்லா வண்டிக்கும் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைப்பான், அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

எப்போது பார்ப்பது என்பதில்தான் நம்ம ஊரில் தப்பு நடக்கிறது. அளவு எல்லாம் குளிர்ந்த டயருக்குச் சொன்னது, அதாவது காலையில், வண்டி கிளம்பி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள். வெப்பம் 5, 6 டிகிரி ஏறினால் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற வெயிலில் வாலாஜாவிலிருந்து ஆம்பூர் வரை பைபாஸில் விரட்டிவிட்டு அங்கே பங்க்கில் நிறுத்தி அளந்தால் 33 வைத்த டயர் 37, 38 காட்டும். "ஓவரா இருக்கு" என்று காற்றை இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் அது 29. அதோடு வண்டிக்காரர் வாரக்கணக்கில் ஓட்டுவார், இரண்டு ஓரமும் கரையும், டயரும் சூடாகும். கோடையில் ஹைவேயில் வெடிக்கிற டயர்களில் காற்று அதிகமாக இருந்ததைவிடக் குறைவாக இருந்ததுதான் பெரிய காரணம். சூடான டயரில் காற்றை இறக்கவே இறக்காதீர்கள். நைட்ரஜன் போட்டாலும் இதே கணக்குதான், அதுவும் சூட்டில் ஏறும்.

ஒரே டயரில் மட்டும் வாராவாரம் காற்று இறங்குகிறது என்றால் சோப்புத் தண்ணீர் ஊற்றி வால்வைப் பாருங்கள், பிறகு ஆணி தேடுங்கள், அதற்கும் பிறகு அலாய் விளிம்பு. பட்டன் பகுதியில் ஆணி என்றால் டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போடச் சொல்லுங்கள், வெளியிலிருந்து சொருகுகிற ஸ்ட்ரிப் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு மட்டும். தோள்பட்டையிலோ பக்கவாட்டிலோ ஓட்டை என்றால் ஒட்டக் கூடாது, டயரை மாற்றுங்கள்.

பட்டன் நிறைய இருக்கிறது, ஆனால் பிடிப்பு இல்லை

மழையில் மட்டும் வழுக்குகிறது என்றால் பள்ளத்தின் ஆழத்தை அளந்து பாருங்கள், அளவுகோல் சில நூறு ரூபாய்தான். சட்டம் 1.6 என்றாலும் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்த அகலமான டயர் தேங்கின தண்ணீரில் மிதக்க ஆரம்பிக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பிக்கிறது. செப்டம்பரில் 3 காட்டினால் தீபாவளி வரை தள்ளிப் போடாதீர்கள்.

காய்ந்த ரோட்டிலும் பிரேக் அடித்தால் கீச்சென்று சறுக்குகிறது என்றால் தேதியைப் பாருங்கள். வேலூர் வெயிலில் கூரை இல்லாமல் நிற்கிற வண்டியின் ரப்பர் கிலோமீட்டர் ஓடாமலே கெட்டியாகிவிடும். நகத்தால் அழுத்தினால் புது டயரில் லேசாகப் பதியும், இதில் பதியாது, பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகளும் தெரியும். (டயருக்கு அடிக்கிற பளபளப்பு எண்ணெய் அந்த வெடிப்பை மறைக்கும், துடைத்துவிட்டுப் பாருங்கள்.) ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் கழற்றிப் பார்க்க வேண்டும், பத்து வருடம் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். என் அபிப்பிராயம் கேட்டால், நம்ம ஊர் வெயிலுக்குப் பெர்ஃபார்மன்ஸ் டயரில் ஆறு வருடத்துக்கு மேல் ஹைவே ஓட்டாதீர்கள். மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுகிற டாக்டர், பேராசிரியர் வண்டிகளில்தான் இதைப் பார்க்கிறேன், "இன்னும் புதுசாதானே இருக்கு" என்பார்கள்.

ஸ்டெப்னியின் தேதியையும் பார்த்துவிடுங்கள். வண்டி வாங்கின நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஊ... என்று சத்தம்

முதலில் டயரா பேரிங்கா என்று பிரியுங்கள். ரோடு மாறினால் சத்தம் மாறுகிறது, புதுத் தாரில் குறைந்து சொரசொரப்பில் கூடுகிறது என்றால் டயர். காலி ரோட்டில் 60இல் போகும்போது லேசாக இடம் வலம் ஒடித்தால் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைகிறது என்றால் பேரிங், மெக்கானிக்கிடம் போங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

டயர்தான் என்றால் பட்டன் மேல் சுற்றுவாக்கில் கையை ஓட்டுங்கள். மேடு பள்ளமாக அலை அலையாக இருந்தால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது, சக்கரம் குதித்துக் குதித்துப் போகிறது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷாக்கை மாற்றாமல் டயரை மாற்றினால் புதியதும் இதே போலத்தான் ஆகும். ஷாக் நன்றாகத்தான் இருக்கிறது என்றால் வெகுநாள் முன்பின் மாற்றாததால் வந்த சத்தம், மாற்றிப் போட்டு ஆயிரம் இரண்டாயிரம் ஓட்டிப் பாருங்கள், கொஞ்சம் அடங்கும், முழுக்கப் போகாது.

80க்கு மேல் நடுக்கம்

ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரம், சீட் நடுங்கினால் பின் சக்கரம், பிரேக் அடித்தால் மட்டும் நடுங்கினால் டயரே இல்லை, டிஸ்க்.

ரிம்மின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா பாருங்கள், ஏரிக்கரை மண் ரோட்டில் போய் வந்த மறுநாள் வருகிற நடுக்கம் தண்ணீர் அடித்துக் கழுவினாலே போய்விடும். அப்புறம் ரிம்மில் பேலன்சிங் ஈயம் ஒட்டியிருந்த இடம் சுத்தமாக, சதுரமாகத் தெரிகிறதா பாருங்கள், விழுந்திருக்கிறது என்று அர்த்தம், பேலன்சிங் போட்டால் சரி. பேலன்சிங் போட்டும் போகவில்லை என்றால் அலாய் பெண்டு. மெஷினில் சுற்றவிட்டால் விளிம்பு ஆடுவது கண்ணுக்கே தெரியும். லேசான பெண்டை எடுக்கலாம். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள்.

நீங்கள் வெளிநாடு போயிருந்தபோது இரண்டு மாதம் நின்ற வண்டியைத் திரும்ப எடுத்தால் நடுங்கும், நின்ற இடத்தில் டயர் தட்டையாகியிருக்கும். காற்றைச் சரி பண்ணி 20, 30 கிலோமீட்டர் ஓட்டுங்கள், போய்விட்டால் சரி. போகவில்லை என்றால் டயர் அப்படியே படிந்துவிட்டது.

பக்கவாட்டில் வீக்கம்

சோதனை எல்லாம் வேண்டாம், ஸ்டெப்னி மாட்டுங்கள். டயர் அளவில் 45, 40 என்று எழுதியிருக்கிற, பக்கவாட்டு உயரம் குறைந்த டயர் பள்ளத்தில் வேகமாக இறங்கினால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி உள்ளே நூல் அறுந்துவிடும், காற்று அந்த இடத்தில் புடைக்கும். ஒட்டவோ தைக்கவோ முடியாது. மெதுவாகச் சென்னை போய்விட்டு வந்து மாற்றுகிறேன் என்றார் ஒருவர், நான் சாவியைக் கொடுக்கவில்லை. வாரண்டியில் கேட்டுப் பாருங்கள், ஆனால் அடிபட்டு வந்த வீக்கத்தைப் பெரும்பாலும் தள்ளுபடி செய்வார்கள். அந்த வாரண்டியும் பெரும்பாலும் டயர் கம்பெனியிடம்தான் இருக்கும், கார் ஷோரூமில் சண்டை போட்டுப் பயனில்லை.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

காரணத்தைச் சரி பண்ணாமல் புது டயர் மாட்டாதீர்கள். அலைன்மென்ட் கெட்ட வண்டியில் மாட்டினால் பத்தாயிரத்துக்குள் திரும்ப இங்கேதான் நிற்பீர்கள்.

அளவோடு கடைசியில் இருக்கும் எடை எண்ணையும் வேக எழுத்தையும் பாருங்கள், 205/55 ஆர் 16 91 வி என்றால் 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும், வி என்பது 240 கிலோமீட்டர் வேகம். அதற்குக் குறைந்து வாங்க வேண்டாம். ஜெர்மன் வண்டிகளில் இன்னொரு குறியும் இருக்கும், பி.எம்.டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்.ஓ., ஆடிக்கு ஏ.ஓ. அந்த வண்டிக்கென்று தனியாகச் செய்தது, பெயர் ஒன்றாக இருந்தாலும் குறியில்லாத டயரும் அதுவும் ஒன்றல்ல. அதே பிடிப்பு வேண்டும் என்றால் அதே குறியைத் தேடுங்கள். ஊருக்குள் காட்பாடி பாலத்து நெரிசலில் ஊர்வதுதான் வேலை என்றால் பெர்ஃபார்மன்ஸ் டயரே வேண்டாம், சொகுசாக நிறைய தூரம் ஓடச் செய்த நல்ல டூரிங் டயர் போடுங்கள். காசும் மிச்சம், சத்தமும் குறையும், பத்து இருபதாயிரம் கூடவும் ஓடும். விற்கிறவன் நானே சொல்கிறேன்.

இரண்டு டயர் மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள், இழுப்பது முன்சக்கரமாக இருந்தாலும் சரி. மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம், பின்பக்கம் வீசினால் சமாளிப்பது கஷ்டம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் இரண்டு மட்டும் மாற்றும் முன் ஷோரூமில் கேட்டுவிடுங்கள், ஆழ வித்தியாசம் அதிகமானால் கியர் பக்கம் செலவு வரும்.

அரக்கோணத்திலேயே டயர் ஆலை இருக்கிறது என்பதற்காக நம்ம ஊர்க் கடையில் இருப்பதெல்லாம் நேற்று செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய அளவு டயர்கள் மெதுவாகத்தான் விற்கும், குடோனில் கிடக்கும். மாட்டுவதற்கு முன், மாட்டிய பிறகு அல்ல, நாலிலும் தேதியைப் படியுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழசு என்றால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.